பிளக் பெட்டி அட்டையில் ஒரு வினைச்சொல்

காலை ஐந்து ஐம்பது. வீட்டுக் கேற்றைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் அட்டைத் துண்டு. போட் இஞ்சினுக்குப் போடும் பிளக் அடைத்து வருகிற சின்னப் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை. உட்பக்க வெள்ளையில் நீலப் பேனையால் மூன்று ஆங்கிலச் சொற்கள், எல்லாம் பெரிய எழுத்தில். அட்டையைப் பிடித்திருந்த கையைப் பிறகுதான் பார்த்தேன். நகக்கண்களில் ஒயில்.

ஆளை எனக்குத் தெரியும். மட்டக்களப்புக் கல்லடியில் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, வாவிப் பக்கமாக ஒரு தகரக் கொட்டகையில் மீன்பிடிப் போட்டுகளின் இஞ்சின் திருத்துகிறவர். பறங்கியர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். என் வீட்டுத் தண்ணீர் மோட்டரை இரண்டு தடவை திருத்தித் தந்திருக்கிறார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

"சேர், இது என்னவாம்?"

வாசித்தேன். டேக் யுவர் டைம்.

"அவசரப்படாதீங்க, ஆறுதலாச் செய்யுங்க எண்டு அர்த்தம்."

"அப்ப நேரத்த எடுக்கச் சொல்லல்லயா?"

"எடுக்கத்தான் சொல்லுது. உங்கட நேரத்த நீங்க எடுங்க எண்டு."

அவர் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்ட நேரத்த நான் ஆருக்கிட்ட இரிந்து எடுக்கிற?" என்று கேட்டார்.

கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே என் தொழிலாக இருந்தது. அந்தச் சொற்றொடரை எத்தனை தடவை கடந்து போயிருப்பேனோ தெரியாது. நேரம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்று நானும் கேட்டதில்லை, செய்தி மேசையில் இருந்த மற்றவர்களும் கேட்டதில்லை.

இஞ்சினோடு வந்த புத்தகத்தில் இருந்த வசனம் என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாளும் அதே நேரம் வந்தார், வேறோர் அட்டையோடு. டேக் ஹேர் டு த டொய்லட். அவரை மலசலகூடத்துக்குக் கூட்டிச் செல்லவும். மூன்றாம் நாள்: டேக் ஓஃப் ஹேர் ஷூஸ். அவருடைய சப்பாத்தைக் கழற்றவும்.

"சப்பாத்துப் போடுற இஞ்சின நான் இன்னும் காணல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு பைக்கில் சாய்ந்து நின்று விஷயத்தைச் சொன்னார்.

செட்டிபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லடிக்கு வரும் பெண் ஒருவர். கடற்கரைப் பக்கம் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றில் அறை கூட்டித் துடைக்கும் வேலை. கணவர் கடலுக்குப் போகிறவர். அவர் போகும் போட்டின் இஞ்சினை இவர்தான் பார்க்கிறார். அந்தப் பெண் சைப்பிரசில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். மூதாட்டியின் மகள் மூன்று வாரத்தில் வீடியோவில் பேசுவார். மூன்று பெண்களோடு பேசி ஒருத்தரை எடுப்பார். முகவர் நாற்பத்தைந்து வயது வரைதான் அனுப்புகிறார். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்து நான்கு முடிந்து நான்கு மாதம். ஆக, இந்த ஒரு பேச்சுத்தான்.

முகவர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார், எசமானிமார் வழக்கமாகப் பேசும் ஆங்கில வசனங்கள் என்று. நாற்பது வசனம். அந்தப் பெண் அதைப் பஸ்ஸில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். பதினொரு வசனத்தில் ஒரே சொல் வருகிறது. அதைப் பிடித்தால் தாளில் கால்வாசிக்கு மேல் கைக்குள் வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. தாளைக் கொண்டுபோய் இஞ்சின்காரரிடம் நீட்டினார். ஏனென்றால் அவர் பறங்கியர்.

இதை விளக்க வேண்டும். மட்டக்களப்பில் பறங்கியர் என்றால் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த கிறிஸ்தவர்கள். எங்களோடு நாலு தெருவுக்குள் வாழ்கிறவர்கள். ஆனாலும் அவர்களுக்கு இங்கிலீசு பிறப்பிலேயே வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் கணக்கில் வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே வெள்ளைக்காரர். கடைப் பலகையில் அவருடைய பெயர் ஆங்கில எழுத்தில் இருப்பது போதும். வங்கியிலிருந்து வரும் கடிதம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டு, எல்லாம் அந்தக் கொட்டகைக்குப் போகும்.

"நான் எட்டாம் வகுப்பு, சேர். தமிழ்ல. எங்கட வீட்டுல பேசினது போத்துக்கீசு. அதுவும் அப்பாவும் அம்மாவும் சண்டை பிடிக்கக்குள்ள மட்டும். எனக்கு அதுல தெரிஞ்சதெல்லாம் ஏச்சுத்தான்."

"அதச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்ற? கடையில நாலு பேர் நிக்கிறானுகள். அந்தப் புள்ள தாளை நீட்டுது. கையெல்லாம் ஒயிலா இரிக்கு, நாளைக்கு வா எண்டு சொல்லிட்டன்."

அந்த 'நாளைக்கு' என்பதுதான் என் கேற்றடிக்கு வந்திருந்தது.

நான்காம் நாளிலிருந்து அர்த்தத்தை அட்டையின் ஓரத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் கையெழுத்தில் வேறு அட்டையில் எழுதிய பிறகே அந்தப் பெண்ணிடம் கொடுப்பதாகச் சொன்னார். நான் ஒத்துக்கொண்டேன். பொய் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு வினைச்சொல் தினமும் காலையில் பைக்கில் வந்து இறங்குவது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் போன பிறகு ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுப்பேன். பெரியது, வேலையை விட்டபோது மேசையோடு விட்டுவர மனமில்லாமல் கேட்டு வாங்கி வந்தது. அதில் டேக் என்ற சொல்லுக்கு மட்டும் பக்கத்தின் இரண்டு பத்தியும் அடுத்த பக்கத்தில் ஒன்றும் போகிறது. பெறு, உட்கொள், ஏற்றுக்கொள், பொறுத்துக்கொள், பிடி, கழற்று, கூட்டிச் செல், படம் பிடி. நம்முடைய எடுத்தலும் இலேசுப்பட்டதல்ல. லீவு எடுக்கிறோம், போனை எடுக்கிறோம், பசி எடுக்கிறது. பிள்ளை பாடத்துக்கு மார்க்ஸ் எடுக்கிறது. இரண்டு சொல்லும் சில இடங்களில் ஒன்றாகப் போய், பிறகு ஆளுக்கொரு பாதையில் பிரிகின்றன. நம்மால் பஸ்ஸை எடுக்க முடியாது, சாரதியால்தான் முடியும். இங்கிலீசுக்காரர் பயணியாகவே எடுக்கிறார்கள்.

பத்திரிகையில் எங்களுக்கு இருந்த விதி எளியது. எடு என்று எழுதாதே. அமைச்சர் பதவியை எடுத்தால் ஏற்றார். காயப்பட்டவர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். நடவடிக்கை மட்டும் எடுக்கப்பட்டது, அதற்கு மாற்றுக் கிடைக்கவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் அந்த வினை நாள்தோறும் வந்தது. ஊர் எடுக்கப்பட்டால் கைப்பற்றப்பட்டது. ஆள் எடுக்கப்பட்டால் கூட்டிச் செல்லப்பட்டார் என்று போட்டோம். கல்யாண வீட்டுக்குக் கூட்டிச் செல்வதற்கும் அதே சொல்தான். வாசிக்கிறவர்கள் வித்தியாசத்தை அறிந்திருந்தார்கள். ஆகவே நாங்கள் வேறு சொல் தேடவில்லை.

இரண்டாம் வாரம், பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆவல் வந்தது. தண்ணீர் மோட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றி முச்சக்கரவண்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

காலை ஏழரை. கொட்டகையில் ஒரு போட் இஞ்சின் மரத்தாங்கியில் நிறுத்தப்பட்டு மூடி திறந்திருந்தது. அதை வான் வண்டியில் ஏற்றி மாங்கேணியிலிருந்து வந்திருந்த இரண்டு மீனவர்கள் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் அந்தப் பெண். மெலிந்தவர், மடியில் கைப்பை, கையில் மடித்து மடித்து மடிப்போரம் கிழிந்த தாள். இஞ்சின்காரர் என்னைக் கண்டதும் முகத்தைக் கடினமாக்கிக்கொண்டார்.

"வாங்க சேர். மோட்டர அதில வைங்க. பாப்பம்."

நான் வைத்துவிட்டு நின்றேன்.

"டேக் ஹேர் மெடிசின்" என்று அந்தப் பெண் வாசித்தார். "இது என்னண்ணன்?"

இது அன்று காலை நான் எழுதிக் கொடுத்தது. மருந்து உட்கொள்ளுதல் என்று எழுதியிருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. ஸ்குரூட்றைவரால் இஞ்சினின் பக்கத்தில் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இஞ்ச பார் தங்கச்சி. இதுக்குப் பேர் இன்டேக். காத்தும் பெற்றோலும் உள்ள போற வழி. இதை இஞ்சின் தானா எடுக்கும். நாம தள்ளி விடுறல்ல. தள்ளினா ஊறி நிண்டுரும், ஸ்டார்ட் வராது. மருந்தும் அதுதான். அந்தக் கிழவி தானா எடுக்கணும். நீ தொண்டைக்குள்ள தள்ளப்படா."

"ஓம்" என்று தலையாட்டி, அந்தப் பெண் தாளின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டார்.

மாங்கேணிக்காரரில் இளையவர் இஞ்சினின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "அப்ப புகை வெளிய வாற வழி என்னண்ணன்?"

"அதுதான் டேக் ஹேர் டு த டொய்லட்."

மூத்தவர் சிரித்து இருமினார். "மச்சான், பறங்கியன் பள்ளிக்கூடம் தொடங்கிட்டான். எங்கட இஞ்சினுக்குச் சேட்டிபிக்கற் குடுத்தாத்தான் கடலுக்கு விடுவான் போல."

"நீங்க சிரிங்க" என்றார் அந்தப் பெண். "நான் அங்க போய்ச் சம்பளம் அனுப்பக்குள்ள, இவர் புதுப் போட் எடுத்து உங்களுக்கு முன்னால ஓடுவார்."

"ஆரு, உன்ட புருசனா? அவன் கரையில நிண்டு ஓடினாலே விழுவான்."

"அது ஓம்தான்" என்றார் அந்தப் பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அந்தப் பெண் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். முந்தின நாள் விடுதியில் காதில் விழுந்ததாம். டேக் இட் ஈசி. முதலாளியிடம் கேட்கப் பயம். இங்கிலீசு எதற்கு என்று கேட்பார், வெளிநாட்டுக்குப் போவது தெரிந்தால் இப்போதே நிறுத்திவிடுவார்.

இஞ்சின்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் என் மோட்டரைப் பார்த்தேன்.

"ஆர் சொன்ன?"

"வெள்ளக்காரன் ஒராள். பொஞ்சாதிக்கு."

"அவ என்ன செஞ்சிக்கு நிண்டா?"

"சூட்கேசுத் திறப்பக் காணல்ல எண்டு கத்திக்கு நிண்டா."

"அவனும் கத்தியா சொன்ன?"

"இல்ல. கைய இப்பிடி வச்சி." உள்ளங்கையைக் கீழ்நோக்கி, காற்றை மெதுவாக அமுக்குவது போலக் காட்டினார்.

இஞ்சின்காரர் அந்தக் கையைப் பார்த்தார். "இஞ்சின் சூடாகினா என்ன செய்வம்? நிப்பாட்டிக் கொஞ்சம் ஆற விடுவம். அதத்தான் சொல்லியிருக்கான்."

சரியாக இருந்தது. ஆர், எங்கே, எப்படி என்று கேட்டே ஓர் அர்த்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அந்தக் கேள்விகள் நிருபர்களுக்கு உரியவை. மனிதரைப் பற்றி நாங்கள் அவற்றைக் கேட்டிருக்கிறோம். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டதாக நினைவில்லை.

என் மோட்டரை அன்று பின்னேரம் திருப்பித் தந்தார். அதில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் இனி உண்மையாகவே ஒரு வோஷர் மாற்ற வேண்டும், வீட்டில் நான் கழற்றும்போது அது உடைந்திருக்கிறது என்றார்.

மறுநாள் காலை நான் அவருக்கு ஒரு விஷயம் சொன்னேன். தாளில் வரும் பொருள்களை எல்லாம் தமிழில் எழுதும்போது கவனித்தது. சப்பாத்து, துவாய், கதிரை, மேசை, அலுமாரி. எல்லாம் போர்த்துக்கீசரிடமிருந்து வந்த சொற்கள். அவருடைய ஆட்கள் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவை.

"மெய்யாவா?" என்றார். "அப்ப சாமான் எல்லாம் எங்கட. எடுக்கிறது மட்டும் இங்கிலீசுக்காரன்."

அதை அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் தொடக்கத்தில் அட்டை இல்லாமல் வந்தார். முகவர் சொல்லியிருக்கிறார், பேசும்போது பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இருக்கலாம் என்று. அந்தப் பெண் இவரை வரச் சொல்லியிருக்கிறார்.

"ஓம் எண்டு சொல்லிட்டன், சேர்."

"ஏன் சொன்னீங்க?"

"மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்ற? ரெண்டு கிழமையா வாத்தியார் வேல பாத்திருக்கன்." கைகளை ஒரு சீலைத்துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார், அவை சுத்தமாக இருந்தும். "அந்தப் பொம்பிள அங்க இரிந்து என்னமாவது கேட்டு, இந்தப் புள்ள என்னப் பாத்தா? நான் ஆரப் பாக்கிற? நீங்க வாங்க, சேர்."

"என்னை அவ கேக்கல்லயே."

"நண்டு வாங்க வந்த மாதிரி வாங்க."

செட்டிபாளையத்தில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அந்தப் பெண்ணின் வீட்டில் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் வாவிப் பக்கத்து வேலியடி. பின்னேரம் மூன்று மணி. பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் மேல் பெற்றோல் கலனை வைத்து, அதில் போனைச் சாய்த்திருந்தார்கள். எதிரில் இரண்டு கதிரை. இஞ்சின்காரர் நீளக் காற்சட்டை, வெள்ளை சேட், பூசப்பட்ட கறுப்புச் சப்பாத்தோடு வந்திருந்தார். கோயில் பெருநாளுக்குப் போடுவது என்று பிறகு சொன்னார். கணவர் கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தால் தனக்கு நடுக்கம் கூடும் என்று அந்தப் பெண்தான் அனுப்பிவிட்டாராம்.

நான் வேலிக்கு வெளியே நின்றேன், நண்டு வாங்க வந்த மாதிரி.

"சேர், ஏன் அங்கால நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார் அந்தப் பெண்.

இஞ்சின்காரர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அண்ணன்ட எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார் அந்தப் பெண். "கடைப் பில்லுல எத்தின தரம் கண்டிருக்கன். ஒரு நாள் வேற அட்டைய மாறித் தந்துட்டீங்க. அதுல பேப்பர்ல பிழை திருத்துற மாதிரி கோடெல்லாம் போட்டிருந்திச்சு. கல்லடியில ஆர் பேப்பர்காரர் எண்டு கேட்டன். இவர்ர வீட்டக் காட்டினாங்க."

"மறுகா ஏன் பேசாம இரிந்த?"

"அத்தின பேருக்கு முன்னால எப்பிடிக் கேக்குற, அண்ணன்?"

இஞ்சின்காரர் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். வேறொன்றும் பேச நேரமில்லை. நான் உள்ளே வந்து ஓரமாக நிற்கவும் போன் அடித்தது.

முகவர் முதலில் பேசி விலகினார். பிறகு மகள் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், குட்டையாக வெட்டிய தலைமயிர், கண்ணுக்குக் கீழ் கருமை. அவருடைய ஆங்கிலம் நான் எதிர்பார்த்ததுபோல இல்லை. அவர் வீட்டு மொழி கிரேக்கம். ஆங்கிலம் அவருக்கும் இரவல்தான். பெயர், வயது, பிள்ளைகள். அந்தப் பெண் விளங்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லில் பதில் சொன்னார். பிறகு மகள் கேட்டார்:

"மை மதர், மெடிசின், நோ டேக். ஃப்ரம் மீ, நோ டேக். யூ, வட் டூ?"

அம்மா மருந்து எடுப்பதில்லை. என்னிடமிருந்து எடுப்பதில்லை. நீ என்ன செய்வாய்?

கேள்வி முழுவதும் அந்தப் பெண்ணுக்கு விளங்கியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தாளை விரித்துப் பதிலைத் தேடினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாளில் இருந்த நாற்பது வசனமும் எசமானி பேசுபவை. வேலைக்குப் போகிறவர் சொல்ல வேண்டியது அதில் ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் மூன்று பேர் அதை வரி வரியாகப் பார்த்தோம். ஒருவரும் கவனிக்கவில்லை. இதே வேலையில் சம்பளம் வாங்கிய நானும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் இஞ்சின்காரரைப் பார்த்தார். இஞ்சின்காரர் என்னைப் பார்த்தார். சொல்லிக் கொடுக்கலாம் என்று நான் போனின் பின்பக்கமாக ஓரடி வைத்தேன். வசனம் வாய்க்குள் தயாராக இருந்தது, இலக்கணப் பிழை இல்லாமல்.

அதற்குள் அந்தப் பெண், "வெயிட்" என்றார். போனைச் சற்றுத் திருப்பி வைத்தார்.

"அண்ணன், ஒழும்பாதீங்க. அப்பிடியே இரிங்க. நீங்க இப்ப கிழவி."

"நானா?"

"ஓம். வாயத் திறக்கப்படா."

முதலில் அவருடைய காலடியில் குந்தி, கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பாதத்தைத் தரையில் சமமாக ஊன்றச் செய்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்து, அவரைக் கதிரையில் நிமிர்த்தினார். தன் தோளில் கிடந்த துவாயை மடித்து அவர் நெஞ்சில் போட்டார். உள்ளே போய்ப் பனடோல் குளிசை ஒன்றும் தண்ணீரும் கொண்டுவந்தார். மறுபடி கீழே குந்தி, முகம் அவர் முகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, உள்ளங்கையில் குளிசையை வைத்து நீட்டினார்.

இஞ்சின்காரர் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். நடிப்பா, சொன்னதைக் கேட்டதா தெரியாது. தலையையும் மறுபக்கம் திருப்பினார். அந்தப் பெண் கையை அசைக்கவில்லை. அருகே கொண்டு போகவும் இல்லை, எடுத்துவிடவும் இல்லை. மெதுவாக எதையோ சொன்னார், தமிழில். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வாவியில் ஒரு தோணி தாண்டிப் போகும் நேரம் அப்படியே இருந்தார். பிறகு இஞ்சின்காரர் தானாகவே கையை நீட்டிக் குளிசையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

போனிலிருந்து சிரிப்புக் கேட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைத் தூக்கி அறையின் மறுபக்கத்துக்குத் திருப்பினார். யன்னலோரக் கதிரையில் வெள்ளைத் தலையோடு ஒருவர் வெளியே பார்த்தபடி இருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பேச்சு முடிந்த பிறகு இஞ்சின்காரர் கொஞ்ச நேரம் சப்பாத்தைப் போடாமலே இருந்தார். "மெய்யான பனடோலா தந்த?" என்று கேட்டார்.

"தலையிடி எண்டு வரக்குள்ளயே சொன்னீங்கதானே."

நான் நண்டு வாங்கினேன். அந்தப் பெண் விலையைக் குறைத்துத்தான் தந்தார்.

நான்கு நாள் கழித்து முகவரிடமிருந்து செய்தி வந்தது. மூன்று பேரில் அவரையே எடுத்திருக்கிறார்கள். செய்தி கொட்டகைக்கு வந்த அன்று மாங்கேணிக்காரர்களும் அங்கே இருந்தார்களாம். இஞ்சின்காரர் மூதாட்டியாக நடித்த கதையை அவர்களிடம் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கிழமைக்கு அவருக்குக் 'கிழவி' என்று பெயர் இருந்தது. "கிழவி, பிளக் இரிக்கா?" என்று வருகிறவர்கள் கேட்டார்கள். அவர் இருக்கிறது என்றோ இல்லை என்றோ மறுமொழி சொன்னார், அவ்வளவுதான்.

அந்தப் பெண் பெருமழை தொடங்குவதற்கு முன் போனார். அட்டைகள் நின்றுவிட்டன.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை, அதே ஐந்து ஐம்பது அளவில், பைக் சத்தம் கேட்டது. இஞ்சின்காரர் கேற்றடியில் போனை நீட்டிக்கொண்டு நின்றார். குரல் செய்தி ஒன்று வந்திருந்தது. பைக்கை நிறுத்திவிட்டுச் செய்தியை ஓடவிட்டார்.

"அண்ணன், நான் சுகம். இஞ்ச குளிர். இவங்கட மகள் கிழமைக்கு ரெண்டு நாள்தான் வருவா, அப்ப மட்டுந்தான் இங்கிலீசு. கிழவிக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியா. கிரேக்குதான். எனக்கு அது தெரியா. நான் குளிசையக் கையில வச்சிக்கு, 'இந்தாங்கம்மா' எண்டுவன். அண்டைக்கு உங்களுக்குச் சொன்ன மாதிரி. கொஞ்சம் செல்லும். மறுகா தானா எடுப்பாங்க. பேப்பர் சேருக்கும் சொல்லுங்க. ஆ, அந்தப் புருசன்காரன்ட போட் இஞ்சினைப் பாத்து விடுங்க, சத்தம் கூடவாம்."

அவர் அதை இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு கேட்டார்:

"சேர், 'இந்தாங்க' எண்டது உங்கட புத்தகத்துல இரிக்கா? அந்த டேக் எண்ட சொல்லுக்குக் கீழ?"

உள்ளே போய் அகராதியை எடுத்து வந்தேன். கேற்றுத் தூணில் வைத்து இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தேன். அவரும் தலையைச் சரித்துப் பார்த்தார்.

இல்லை என்றேன்.

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கடை திறக்கப் போனார்.